இறந்தவரின் பணத்தை இங்கிலாந்துக் கவுன்சில் கையாண்ட விதம் பற்றி முறையிடுதல்

இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சை இலவசம். முதியோர் பராமரிப்பு அப்படியன்று. பராமரிப்பு இல்லத்தில் சேரும் ஒருவர் கவுன்சிலின், அதாவது உள்ளூராட்சி மன்றத்தின், உதவியை நாடினால், அவர் எவ்வளவு கட்டணம் செலுத்த வேண்டும் என்பதை அவருடைய சேமிப்பையும் வருமானத்தையும் பார்த்துக் கவுன்சிலே முடிவு செய்கிறது. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. தம் பணத்தைத் தாமே நிர்வகிக்க இயலாதவருக்கு வேறு ஆள் இல்லையென்றால், அவருடைய ஓய்வூதியத்தைப் பெற்றுச் செலவிடும் பொறுப்பையும் சில வேளைகளில் கவுன்சிலே ஏற்கிறது. அவர் இறந்த பிறகு இந்தக் கணக்கில் பிழை இருப்பது தெரியவந்தால் குடும்பத்தார் என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் விதிகளும் முறையீட்டு அமைப்புகளும் வேறு.

பிழை எங்கே நேர்கிறது?

ஒருவரின் சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுக் கட்டணமும் அவருடையது. 14,250 பவுண்டுக்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடக்கூடாது. வருமானத்திலிருந்து மட்டுமே செலுத்த வேண்டும். இடைப்பட்ட தொகையில் ஒவ்வொரு 250 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் வருவதாகக் கொள்ளப்படும். இந்த வரம்புகள் 2010 முதல் பல ஆண்டுகளாக மாறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஓர் அம்மாவும் அப்பாவும் கூட்டுக் கணக்கில் 30,000 பவுண்டு வைத்திருக்கிறார்கள். அம்மா பராமரிப்பு இல்லத்தில் சேர்கிறார். வேறு சான்று இல்லாவிட்டால் அதில் பாதி, அதாவது 15,000 பவுண்டு, அவருடையது. வரம்புக்கு மேலுள்ளது 750 பவுண்டு. எனவே சேமிப்பின் பொருட்டு வாரம் 3 பவுண்டுதான் சேரும். கவுன்சில் தவறுதலாக 30,000 பவுண்டையும் அம்மாவின் பெயரில் எழுதிவிட்டால், அவர் முழுக் கட்டணம் செலுத்துபவராகிவிடுவார்! வீட்டைப் பற்றியும் இத்தகைய பிழை நேரலாம். கணவரோ மனைவியோ இன்னும் அந்த வீட்டில் வாழ்ந்தால் அதன் மதிப்பைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. ஆகவே முதலில் கேட்டுப் பெற வேண்டியது எழுத்திலுள்ள நிதி மதிப்பீடு. அதைப் பார்க்காமல் பில்லை மட்டும் வைத்து வாதாடிப் பயனில்லை.

இறந்தபின் வரும் பில்லைக் கண்டு பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அந்தக் கடன் இறந்தவரின் சொத்தைச் சேர்ந்தது. பிள்ளைகள் தாமே பொறுப்பேற்றுக் கையெழுத்திட்டிருந்தாலன்றி, அவர்களுடைய சொந்தப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் கடன் இருப்பது தெரிந்தும் சொத்தைப் பங்கிட்டுவிட்டால், உயிலை நிறைவேற்றுபவர் தாமே அதற்குப் பொறுப்பாக நேரிடும்.

யார் முறையிடலாம்?

உயிலை நிறைவேற்றுபவர், அல்லது உயில் இல்லாதபோது நீதிமன்ற ஆவணம் பெற்ற நிர்வாகி முறையிடலாம். இவர்கள் மட்டுந்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. இறந்தவர் சார்பில் பேசத் தகுந்தவர் என ஏற்கப்படும் உறவினரும் முறையிடலாம். இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஏனெனில் விஷயம் தெரியவந்ததிலிருந்து 12 மாதங்களுக்குள் முறையிட வேண்டும் என்பது பொதுவிதி. துக்கத்திலும் உயில் வேலைகளிலும் அந்த ஓராண்டு போவதே தெரியாது. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது.

முதலில் கவுன்சிலிடமே எழுத்தில் முறையிட வேண்டும். மூன்று வேலை நாட்களுக்குள் அது கிடைத்ததென அவர்கள் தெரிவிக்க வேண்டும். பதில் திருப்தி தராவிட்டால், அல்லது நெடுநாள் வராவிட்டால், உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் எனும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் கவுன்சிலின் முடிவு பிடிக்கவில்லை என்பது மட்டும் போதாது. முடிவெடுத்த முறையில் தவறு இருந்தது, அதனால் பாதிப்பு நேர்ந்தது என இரண்டையும் காட்ட வேண்டும். பள்ளியில் பெற்றோரின் புகார்க் கடிதங்களை நிறையப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஐந்து பக்கக் கோபத்தைவிட, தேதி வாரியாக எழுதிய ஒரு பக்கமே வேலை செய்யும்.

நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளராகக் கவுன்சில் பணத்தை நிர்வகித்திருந்தால், அதைக் கண்காணிக்கும் பொதுப் பாதுகாவலர் அலுவலகத்துக்கும் எழுதலாம். அந்த அதிகாரம் இறப்புடன் முடிந்துவிடுகிறது. அதன்பின் மீதிப் பணம் உயிலை நிறைவேற்றுபவரிடமோ நிர்வாகியிடமோ சேர வேண்டும்.

ஒம்புட்ஸ்மனின் பரிந்துரைக்குத் தீர்ப்பைப் போன்ற கட்டாயம் இல்லை. எனினும் கவுன்சில்கள் பெரும்பாலும் அதை ஏற்கின்றன. இறந்தவர் பட்ட மனவேதனைக்குப் பொதுவாகப் பணம் கிடைப்பதில்லை. அலைந்து முறையிட்ட குடும்பத்தாருக்கு மன்னிப்புக் கடிதமும் சிறு தொகையும் கிடைக்கலாம். கூடுதலாக வசூலித்த கட்டணம் திரும்பி வந்தால், அது முறையிட்டவருக்குச் சேராது. இறந்தவரின் சொத்தில் சேர்ந்து வாரிசுகளுக்குப் பிரியும்.