வியாபாரத்துக்கு ஒரு செயலி: பணம் செலவிடுமுன் தீர்மானிக்க வேண்டியவை

பலசரக்குக் கடை, உணவகம், சிகையலங்கார நிலையம், தனியார் கல்வி நிலையம், விழாக்களுக்கு உணவு வழங்கும் சேவை எனச் சிறு தொழில்களை நடத்தும் தமிழர்கள் இன்று எதிர்கொள்ளும் கேள்விகளுள் ஒன்று, தமது வியாபாரத்துக்கெனக் கைத்தொலைபேசிச் செயலி ஒன்று தேவையா என்பதாகும். செயலி செய்து தருவதாக முன்வருவோர் பலர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு தொழில்நுட்பத்தின் பெயரைச் சொல்லி அதுவே சிறந்ததென்பர். கேட்பவர் குழம்புவது இயல்பு. குடும்பச் சேமிப்பின் ஒரு பகுதியைக் கொடுத்துச் செய்வித்த செயலி, அடுத்த ஆண்டே புதிய தொலைபேசிகளில் இயங்காமற் போனால் ஏற்படும் இழப்பு சிறியதன்று.

எந்தத் தொழில்நுட்பம் என்னும் கேள்வி கடைசியாகக் கேட்கப்பட வேண்டியது. அதற்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை காணுதல் வேண்டும். வாடிக்கையாளர் அச்செயலியைக் கொண்டு எதனைச் செய்யப் போகிறார்? அவரிடம் எத்தகைய தொலைபேசி உள்ளது? செயலியை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பராமரிப்பவர் யார், அதற்கான பணம் எங்கிருந்து வரும்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்தால், தொழில்நுட்பத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிவிடும்.

யாவரும் அறிந்த ஓர் உதாரணம்

ஜேர்மனியில் வாழ்வோர் பலரின் தொலைபேசியிலும் ஒருகாலத்தில் இருந்த கொரோனா எச்சரிக்கைச் செயலி இதனை விளக்கும். ரொபர்ட் கொக் நிறுவனம் 2020 யூன் 16 அன்று வெளியிட்ட அச்செயலியை எஸ்ஏபி, டொய்ச்ச டெலிகொம் ஆகிய நிறுவனங்கள் உருவாக்கின. ஐபோனுக்கு ஒன்றும் அன்ட்ரொய்ட் தொலைபேசிகளுக்கு வேறொன்றுமாக அது தனித்தனியே எழுதப்பட்டது. பயனாளர் திரையைப் பார்க்காத வேளையிலும் அருகிலுள்ள தொலைபேசிகளை புளூடூத் வழியாக உணர்ந்துகொள்வதே அதன் பணி. அப்பிளும் கூகுளும் இதற்கெனத் தத்தம் இயங்குதளங்களுக்குள் அமைத்த வசதியையே அது பயன்படுத்தியது. எனவே, அதிகச் செலவுடைய வழியைத் தெரிவுசெய்ததற்குத் தகுந்த காரணம் இருந்தது.

எனினும் அத்தெரிவுக்கு ஒரு விலையும் இருந்தது. தொடக்கத்தில் அச்செயலி ஐபோனின் 13.5 எனும் மென்பொருள் பதிப்பைக் கோரியது. அப்பதிப்பை ஏற்காத ஐபோன் 6 போன்ற பழைய தொலைபேசிகளை வைத்திருந்தோர் 2021 பெப்ரவரி வரை காத்திருக்க நேர்ந்தது. பிள்ளைகளின் பழைய தொலைபேசியைப் பெற்றோர் பயன்படுத்தும் வீடுகளில் இது அறிமுகமான சிக்கலே.

செலவைப் பற்றிய பாடம் இன்னும் முக்கியமானது. முதலில் உருவாக்குவதற்கு ஏறத்தாழ 2 கோடி யூரோ செலவானது. 2023 யூன் மாதத்தில் செயலி உறக்க நிலைக்குக் கொண்டுசெல்லப்படும் வரையிலான மொத்தச் செலவோ 20 கோடி யூரோவைத் தாண்டியது. வழங்கிகளை இயக்குதல், தொலைபேசி உதவிச் சேவை, இடைவிடாத மேம்படுத்தல்கள் ஆகியனவே பெருந்தொகையை எடுத்துக்கொண்டன. சிறு கடையின் செயலி இத்தனை பெரிதன்று. ஆயினும் செயலியைச் செய்து முடிப்பதோடு செலவு முடிவதில்லை என்பது அதற்கும் பொருந்தும்.

மூன்று வழிகள்

முதலாவது வழி, தொலைபேசித் திரைக்கு ஏற்ப அமைக்கப்பட்ட இணையத்தளம். அதனை வாடிக்கையாளர் தமது தொலைபேசியின் முகப்புத் திரையில் சேமித்துச் செயலி போலவே திறக்கலாம். எல்லாத் தொலைபேசிகளுக்கும் ஒரே தளம் போதும். திருத்தங்களை உடனே வெளியிடலாம். எவருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. முகப்புத் திரையில் சேமிக்கப்பட்ட தளங்கள் அறிவித்தல் அனுப்பும் வசதி 2023 முதல் ஐபோனிலும் உண்டு. ஆனால் இவ்வழி உலாவியை உருவாக்கும் நிறுவனத்தின் விருப்பத்தில் தங்கியுள்ளது. 2024 தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய இணையச் செயலிகளுக்கான ஆதரவை நீக்கப்போவதாக அப்பிள் அறிவித்தது; எதிர்ப்புக் கிளம்பவே மார்ச் 1 அன்று அம்முடிவைக் கைவிட்டது.

இரண்டாவது வழி, ஒரே நிரலை எழுதி இரு இயங்குதளங்களுக்கும் செயலி உருவாக்குவது. பேஸ்புக் 2015இல் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ், கூகுளின் புளட்டர் ஆகியன இதற்குப் பயன்படும் பிரபல கருவிகள். உழைப்பில் பெரும்பகுதி ஒருமுறையே செலவாகும் என்பதால், முற்பதிவு, ஓடர் எடுத்தல், வாடிக்கையாளர் சலுகை அட்டை போன்றவற்றுக்கு இது பொருத்தமானது.

மூன்றாவது வழி, கொரோனா எச்சரிக்கைச் செயலியைப் போல் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் உரிய மொழியில் தனித்தனியே எழுதுவது. ஐபோனுக்கு ஸ்விப்ட், அன்ட்ரொய்டுக்கு கொட்லின் ஆகியன அம்மொழிகள். வேகமும் தொலைபேசியின் எல்லா வசதிகளையும் கையாளும் ஆற்றலும் இதில் அதிகம். இரண்டு செயலிகளைப் பராமரிக்கும் சுமையும் இதில் உண்டு.

பெரிய நிறுவனங்களும் இத்தெரிவில் தடுமாறியுள்ளன. பேஸ்புக் தனது தொலைபேசிச் செயலியை இணையத் தொழில்நுட்பத்தில் அமைத்து, அது மந்தமாக இயங்கியதால் 2012இல் ஐபோனுக்கென அதனை மீள எழுதியது. ஏர்பிஎன்பி நிறுவனம் ரியாக்ட் நேட்டிவ் கருவியைச் சில ஆண்டுகள் பயன்படுத்தியபின், 2018இல் அதனைக் கைவிட்டுத் தனித்தனிச் செயலிகளுக்குத் திரும்புவதாக அறிவித்தது. மாறாக, லண்டனின் பைனான்சியல் டைம்ஸ் நாளேடு 2011இல் செயலிக் கடையை விட்டு விலகி, இணையச் செயலி வழியாகவே தன் வாசகரை அடையும் வழியைத் தேர்ந்தது. ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்பத் தீர்மானித்தது. பெரிய நிறுவனங்களால் செய்ததைக் கலைத்து மீண்டும் கட்ட முடியும். சிறு தொழில் செய்வோருக்கு அவ்வாய்ப்புப் பெரும்பாலும் ஒருமுறைதான் கிடைக்கும்.

ஒரு கடையின் தேவை

டார்ம்ஸ்டாட்டில் இயங்கும் ஒரு பலசரக்குக் கடையை எடுத்துக்கொள்வோம். கிறீஸ்ஹைம், வைட்டர்ஸ்டாட் முதலிய அயல் நகரங்களிலிருந்தும் வாடிக்கையாளர் வருகின்றனர். தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய வாரங்களில் ஓடர்கள் தொலைபேசி அழைப்பாகவும் குறுஞ்செய்தியாகவும் குவிகின்றன. சில தவறிப் போகின்றன. இக்கடைக்கு உண்மையில் வேண்டியது பொருட்பட்டியல், ஓடர் படிவம், எடுத்துச்செல்லும் நேரத்தைத் தெரிவுசெய்யும் வசதி ஆகிய மூன்றுமே. இவற்றை முதலாவது வழியிலேயே செய்து முடிக்கலாம்.

ஓராண்டு அதனைப் பயன்படுத்திப் பார்த்தபின், எத்தனை பேர் மீண்டும் மீண்டும் வருகின்றனர், எந்த இடத்தில் ஓடரை நிறைவுசெய்யாமல் விட்டுப் போகின்றனர் என்பது தெரிய வரும். செயலிக் கடைகளில் இடம்பெறும் முழுமையான செயலி வேண்டுமா என்பதை அப்போது எண்ணிக்கையைக் கொண்டு தீர்மானிக்கலாம். பொருள்களை வீடுகளுக்குக் கொண்டுசெல்லும் பணியாளர், இணைய இணைப்பற்ற நிலவறையிலும் பட்டியலைப் பார்க்கவும் கமராவால் பட்டைக் குறியீட்டை வருடவும் வேண்டியிருந்தால், இரண்டாவது வழி நியாயமாகும். மூன்றாவது வழிக்குச் செல்ல வேண்டிய தேவை சிறு தொழில்களுக்கு மிக அரிதாகவே எழும்.

செயலிக் கடைகளின் விதிகள்

அப்பிள் செயலிக் கடையில் இடம்பெற ஆண்டுதோறும் 99 டொலர் கட்டணம் உண்டு. கூகுள் பிளேயில் ஒருமுறை 25 டொலர் செலுத்தினால் போதும். உணவு, உடை, சேவை போன்றவற்றை விற்கும்போது கடைகள் பங்கு கேட்பதில்லை. காணொளிப் பாடம், மின்னூல் போன்ற எண்ணிமப் பொருள்களைச் செயலிக்குள் விற்றால் பொதுவாக 15 முதல் 30 சதவீதம் வரை தரகு அறவிடப்படும். இணையவழித் தமிழ் வகுப்பு நடத்துவோர் இதனைக் கணக்கில் எடுத்தல் வேண்டும்.

வெறும் இணையத்தளத்தைச் செயலி என்னும் உறையில் இட்டு அனுப்பினால் அப்பிள் அதனை நிராகரிக்கக்கூடும். மேலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் வியாபார நோக்குடன் செயலி வெளியிடுவோரின் முகவரி, தொலைபேசி இலக்கம், மின்னஞ்சல் ஆகியன செயலிக் கடையில் காட்டப்படும். வீட்டிலிருந்து தொழில் செய்வோர் எந்த முகவரியைக் கொடுப்பதென்பதை முன்கூட்டியே தீர்மானித்தல் நன்று.

சட்டம் கேட்பவை

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உலகில் முதன்முதலில் இயற்றிய மாநிலம் ஹெசென், ஆண்டு 1970. இன்று ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் நடைமுறையிலுள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி 2018 மே 25 முதல் சிறு கடைகளையும் கட்டுப்படுத்துகிறது. வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி இலக்கமும்கூட அதன் பாதுகாப்புக்கு உட்பட்ட தரவுகளே. எனவே வேண்டாததைச் சேகரியாதிருத்தலே முதற் பாதுகாப்பு. பிறந்த நாளும் இருப்பிடமும் ஓடருக்குத் தேவையில்லையெனின் அவற்றைக் கேட்க வேண்டியதில்லை. தரவுகளை வேறு நிறுவனம் ஒன்று சேமித்துக் கையாளும்போது, அந்நிறுவனத்துடன் எழுத்து மூலமான தரவுச் செயலாக்க ஒப்பந்தம் இருத்தல் கட்டாயம்.

செயலியிலும் இணையத்தளத்திலும் உரிமையாளர் விபரங்களைக் கொண்ட இம்ப்ரெசும் பக்கமும் தரவுப் பாதுகாப்பு அறிவித்தலும் எளிதில் காணும் இடத்தில் இருத்தல் வேண்டும். 2025 யூன் 28 முதல், நுகர்வோருக்கு இணையவழி விற்பனை செய்யும் தளங்களும் செயலிகளும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடியவையாக அமைய வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. 10 பேருக்குக் குறைந்த பணியாளரையும், 20 இலட்சம் யூரோவுக்கு மேற்படாத ஆண்டு விற்பனையை அல்லது ஐந்தொகையையும் கொண்ட சேவை நிறுவனங்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆயினும் பெரிய எழுத்தும் தெளிவான நிறமும் முதிய வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் என்பதை மறத்தலாகாது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை

பெரும் இழப்புகள் தொழில்நுட்பத்தால் மட்டும் நேர்வதில்லை. ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டவற்றாலும் நேர்கின்றன. ஜேர்மன் சட்டத்தின்படி பதிப்புரிமை படைத்தவருக்கே உரியது. அதனை வேறொருவருக்கு விற்க முடியாது, பயன்படுத்தும் உரிமையை மட்டுமே வழங்க முடியும். வெளியாரிடம் பணம் கொடுத்துச் செய்வித்த செயலியின் மூல நிரல் தானாகவே தமக்குச் சொந்தமாகும் என எண்ணுதல் தவறு. ஆகவே பின்வருவன எழுத்தில் இருத்தல் வேண்டும்:

• தனிப் பயன்பாட்டு உரிமை வாடிக்கையாளரான வர்த்தகருக்கு வழங்கப்படுகிறது என்பதும், மூல நிரல் எப்போது எவ்வாறு கையளிக்கப்படும் என்பதும்.

• செயலிக் கடைக் கணக்குகள், இணைய முகவரி, தரவுத்தளம் ஆகியன வர்த்தகரின் பெயரிலேயே திறக்கப்படும் என்பது. உருவாக்குபவரின் கணக்கில் வெளியிட்டால், அவருடன் முரண்பாடு எழும் நாளில் செயலியும் கைவிட்டுப் போகும்.

• ஐபோன், அன்ட்ரொய்ட் ஆகியவற்றின் புதிய பதிப்பு ஆண்டுதோறும் வெளிவரும்போது தேவைப்படும் திருத்தங்களை யார், எவ்வளவு கட்டணத்துக்குச் செய்வார் என்பது.

• தரவுகளின் மறுபிரதி எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்படும் என்பது.

கடைசியில் கூறியதன் அவசியத்தை இந்நகரம் அனுபவத்தில் அறியும். 2022 யூனில் மின்விநியோக நிறுவனமான எண்டெகாவின் தகவல் தொழில்நுட்பத் துணை நிறுவனம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானது. மின்சார, நீர் விநியோகம் தடைப்படவில்லை. ஆயினும் அந்நிறுவனத்தின் சேவையில் தங்கியிருந்த ஹெயாக் மொபிலோ உள்ளிட்ட பல நிறுவனங்களின் இணையத்தளங்களும் மின்னஞ்சல்களும் முடங்கின. பின்னர் வாடிக்கையாளர் தரவுகளும் இணையத்தின் மறைவிடங்களில் வெளியிடப்பட்டன. ஒரே வழங்குநரில் தங்கியிருப்போர், அவர் முடங்கும் நாளில் எவ்வாறு தொழிலைத் தொடர்வது என்பதைத் தாளில் எழுதி வைத்திருப்பது பயன் தரும்.

தமிழ் எழுத்தும் தமிழ்ப் பெயரும்

செயலியைப் பொறுப்பேற்குமுன் அதனைத் தமிழில் சோதித்தல் வேண்டும். "கொ", "ஸ்ரீ" போன்ற எழுத்துகள் சிதையாமல் தோன்றுகின்றனவா, நீண்ட தமிழ்ச் சொற்கள் பொத்தானுக்குள் அடங்குகின்றனவா என்பவற்றை முதியவர் ஒருவரின் பழைய தொலைபேசியில் பார்ப்பதே சிறந்த சோதனை. குடும்பப் பெயர் இன்றித் தந்தையின் பெயரை முதலெழுத்தாகக் கொண்டோர் நம்மிடையே பலர். குடும்பப் பெயரைக் கட்டாயமாகக் கேட்கும் படிவம் அவர்களைத் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்பிவிடும். ஜேர்மன் மொழிப் பதிப்பும் உடனிருத்தல் அவசியம். அயலவரும் இளந்தலைமுறையினரும் அதனையே நாடுவர்.

ஆலோசனை பெறக்கூடிய இடங்கள்

தொழில் தொடங்குதல், எண்ணிமமயமாக்கல், உதவித் திட்டங்கள் ஆகியன பற்றி டார்ம்ஸ்டாட் ரைன் மைன் நெக்கார் தொழில், வர்த்தக சம்மேளனத்திடம் கேட்டறியலாம். கைவினைத் தொழில் செய்வோர் பிராங்பேர்ட் ரைன் மைன் கைவினைஞர் சம்மேளனத்தை நாடலாம். தரவுப் பாதுகாப்புப் பற்றிய வழிகாட்டல்களை வீஸ்பாடனிலுள்ள ஹெசென் தரவுப் பாதுகாப்பு ஆணையாளர் அலுவலகம் வெளியிடுகிறது. உதவித் திட்டங்கள் பெரும்பாலும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் விண்ணப்பிப்போருக்கே கிடைக்கும். ஆகவே வேலையைத் தொடங்குமுன் விசாரித்தல் நலம்.

செயலி செய்து தர முன்வருபவரைச் சந்திக்கும்போது, மேற்கூறிய மூன்று கேள்விகளுக்கான விடைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுசெல்வது பயன் தரும். அப்பக்கத்தை வாசித்தபின் அவர் முன்மொழியும் தொழில்நுட்பம் எது என்பதைவிட, அதனை ஏன் முன்மொழிகிறார் என்பதற்கு எளிய மொழியில் விளக்கம் தருகிறாரா என்பதைக் கவனித்தல் வேண்டும். விளக்கம் தர இயலாதவரிடம் கையெழுத்திட அவசரப்பட வேண்டியதில்லை.