ஆயர் போட்ட கணக்கு
(ஊர் தாங்கியவர்கள் – 14)

ஜெர்மனியின் கொலோன் நகரத்துக்கு 1917 முதல் 1933 வரை மேயராக இருந்த கொன்ராட் அடேனவரைப் பற்றிக் கடந்த வாரம் பார்த்தோம். நாஜிகள் பதவியைப் பறிக்கும்வரை அவர் அந்த நகரத்துக்கு முகமாக இருந்தார். இந்த வாரம் இலங்கையின் மன்னாருக்கு வருவோம்.

மன்னாருக்கு நகரசபை உண்டு, தலைவர்களும் உண்டு. ஆனாலும் யுத்த காலத்தில், "பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு போயிட்டாங்கள்" என்று கதறி வந்த தாய்மார் தேடிப் போனது ஆயர் இல்லத்தைத்தான். அங்கே 1992 முதல் 2016 வரை இருந்தவர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை.

நெடுந்தீவில் 1940 ஏப்ரல் 16 அன்று பிறந்தவர். 1967இல் குருவானார். மன்னார் மறைமாவட்டம் உருவானது 1981இல். அதன் இரண்டாவது ஆயர் இவர். பொறுப்பேற்றபோது ஊர் உடைந்து கிடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் விடுதலைப் புலிகள் முஸ்லிம் மக்களை வெளியேற்றியிருந்தார்கள். மடுத் திருத்தலம் இடம்பெயர்ந்தவர்களின் முகாமாக மாறியிருந்தது. 1999 நவம்பரில் அந்தத் திருத்தலத்திலேயே ஷெல் விழுந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது குருக்கள் மடு மாதாவின் திருச்சொரூபத்தையே தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்ல வேண்டியிருந்தது. மாதாவும் மக்களோடு இடம்பெயர்ந்தாள். அந்த ஆண்டு ஓகஸ்டில் திரும்பி வந்தாள்.

யுத்தத்துக்குப் பிந்திய காணிப் பிணக்குகளில் முஸ்லிம் மக்கள் சிலருக்கு ஆயர்மீது மனக்குறை இருந்தது. அதை மறைத்து அவரைப் புகழ்வது நேர்மையாகாது.

ஆனால் அவரை வரலாற்றில் நிறுத்தப்போவது ஒரு கழித்தல் கணக்கு என்றே நான் நினைக்கிறேன். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தது. ஆயர் தம் குருக்களுடன் அதன் முன் போனார். கையில் இருந்தவை அரச கச்சேரியின் எண்ணும் ஐ.நா.வின் எண்ணும்தான். கிளிநொச்சி, முல்லைத்தீவு கச்சேரிப் பதிவுகளின்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. அறிக்கையின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 282,380 பேர். கழித்தால் 146,679. இவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்டார்.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அத்தனை பேரும் இறந்துவிட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. பதிவில் பிழை இருக்கலாம், கணக்கெடுப்பில் விடுபட்டிருக்கலாம். அப்படியென்றால் அதைக் காட்டுங்கள் என்பதுதான் கேள்வி. சாபமோ அரசியல் முழக்கமோ அதில் இல்லை. உங்கள் எண்ணிலிருந்து ஐ.நா.வின் எண்ணைக் கழித்திருக்கிறேன், மீதிக்கு விளக்கம் தாருங்கள் என்பதை எந்த அதிகாரி தட்டிக்கழிக்க முடியும்? ஆனால் வந்தது விளக்கமல்ல. 2012இல் குற்றப் புலனாய்வுத் துறையினர் ஆயரையே விசாரித்தார்கள்.

2015 ஜனவரி 14 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது வரவேற்றவர் அவர்தான். சரியாக ஓராண்டு கழித்து ஓய்வு பெற்றார். 2021 ஏப்ரல் 1, பெரிய வியாழன் அன்று, 81 வயதை எட்டச் சில நாள்கள் இருக்கையில் காலமானார். பாஸ்கா முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, மன்னார் புனித செபஸ்தியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த 146,679 பேரில் இன்னார் இங்கே இருக்கிறார், இன்னார் இறந்தார் என்று சொல்லும் பெயர்ப்பட்டியல் எந்த அரசாங்கத்திடமிருந்தும் இன்றுவரை வரவில்லை.