வாசலில் திரும்பிய ஆழ்வான்

அரசன் ஒருவன் சபையைக் கூட்டிப் பரம்பொருள் யார் என்று கேட்டால் அது கேள்வி. பதிலைத் தானே எழுதி வைத்துக்கொண்டு, கீழே கையெழுத்துப் போடு என்று ஓலையை நீட்டினால் அதைக் கேள்வி என்று சொல்ல முடியாது. முதல் வகை அரசனின் கதை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பாண்டியன் வல்லபதேவன் பொற்கிழி கட்டி வைத்தான். நந்தவனத்தில் பூமாலை தொடுத்துக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் மதுரைக்குப் போய்த் தன் கட்சியைச் சொன்னார். கிழி தானாகத் தாழ்ந்தது, அரசன் அவரை யானைமேல் ஏற்றி ஊர்வலம் விட்டான், அவர் பெரியாழ்வார் ஆனார். மகாராஜபுரத்திலிருந்தும் வத்திராயிருப்பிலிருந்தும் ஆடிப்பூரத் தேருக்கு வருகிற எவரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார். இரண்டாம் வகை அரசனின் கதையும் இதே வைணவ மரபில்தான் இருக்கிறது. ஆனால் கோயில் உபன்யாசத்தைத் தாண்டி அது பெரிதாக வெளியே வரவில்லை. கூரத்தாழ்வான் என்ற மனிதரின் கதை அது. மனசாட்சிக்கும் அரச அதிகாரத்துக்கும் நடக்கும் மோதலைப் பற்றித் தமிழில் ஒரு மகத்தான படம் எடுக்க வேண்டுமானால், அதற்கு இதைவிடப் பொருத்தமான கதை நம்மிடம் இல்லை என்பது என் துணிபு.

இந்த வகைப் படங்களுக்கு உலகம் காட்டும் முன்மாதிரி, 1966இல் ஃப்ரெட் ஜின்னமன் இயக்கிய ‘எ மேன் ஃபார் ஆல் சீசன்ஸ்’. ராபர்ட் போல்ட் தன் நாடகத்தைத் தானே திரைக்கதையாக எழுதினார். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி மனைவியை விலக்கி வேறொருத்தியை மணக்க விரும்புகிறான். போப் அனுமதிக்காததால் தன்னையே திருச்சபைக்குத் தலைவனாக ஆக்கிக்கொள்கிறான். நாடே தலையாட்டுகிறது. அவனுடைய முன்னாள் லார்ட் சான்சலர் தாமஸ் மோர் மட்டும் சத்தியப் பிரமாணம் செய்ய மறுக்கிறார். ராஜாவைத் திட்டவில்லை, கலகம் செய்யவில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கிறார், அவ்வளவுதான். ஓராண்டுக்கு மேல் லண்டன் கோபுரச் சிறையில் இருந்த பிறகு, 1535 ஜூலை 6இல் அவர் தலை வெட்டப்பட்டது. பால் ஸ்கோஃபீல்ட் மோராக நடித்த அந்தப் படம் ஆறு ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதில் ஒரு போர்க்காட்சிகூடக் கிடையாது. ஒரு மனிதர் ஒரு வாக்கியத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார், சொல்லவைக்கப் பார்க்கிறார்கள். படம் முழுக்க இவ்வளவுதான் நடக்கிறது.

கூரத்தாழ்வான் காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் என்ற ஊரின் பெரும் செல்வர். சொத்தையெல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆண்டாளோடு ஸ்ரீரங்கம் வந்து ராமானுஜருக்குச் சீடரானார். நினைவாற்றலுக்குப் பேர்போனவர். ராமானுஜர் தம் உரைநூலான ஸ்ரீபாஷ்யத்தைச் சொல்லச் சொல்ல, ஓலையில் எழுதியவர் இவர்தான். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது என்கிறது மரபு. நான் சொல்வதில் உனக்கு உடன்பாடு இல்லையென்றால் எழுத்தாணியை நிறுத்திவிடு என்று ராமானுஜரே சொல்லியிருந்தார். ஜீவாத்மாவின் இயல்பைப் பற்றி ஆசார்யர் ஒரு கருத்தைச் சொன்ன இடத்தில் எழுத்தாணி நின்றது. ராமானுஜருக்குக் கோபம் வந்தது. அப்படியானால் நீரே பாஷ்யம் எழுதும் என்று சீடரைத் தள்ளிவிட்டுப் போனார். பிறகு யோசித்துப் பார்த்து, நின்ற எழுத்தாணி சரிதான் என்று ஒப்புக்கொண்டு, வாக்கியத்தை மாற்றிச் சொன்னார். கூரத்தாழ்வானைப் பற்றிப் பேசுகிறவர்கள் நேரே அவர் பின்னாளில் நின்ற சோழன் சபைக்குத் தாவிவிடுகிறார்கள். ஆனால் அந்தச் சபையில் நடந்ததற்கு விதை இங்கேதான் இருக்கிறது. உயிரையே கொடுக்கத் தயாராக இருந்த குருவுக்காகவும், உடன்படாத ஒரு வரியை அந்தக் கை எழுதவில்லை. அப்படிப்பட்ட கையிடம்தான் ஒரு அரசன் கையெழுத்துக் கேட்கப் போகிறான்.

குருபரம்பரை நூல்கள் அந்த அரசனைக் கிருமிகண்ட சோழன் என்கின்றன. கழுத்தில் புண் வந்து புழுத்துச் செத்தான் என்பதால் எதிரிகள் வைத்த பெயர் அது. சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று ஓலையில் எழுதி, அறிஞர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். சபையில் இருந்த நாலூரான், ஆயிரம் பேர் கையெழுத்திட்டு என்ன பயன், ராமானுஜர் இட்டால்தான் அதற்கு மதிப்பு என்று எடுத்துக் கொடுத்தான். இந்த நாலூரான் கூரத்தாழ்வானிடமே பாடம் கேட்டவன். ஆட்கள் ஸ்ரீரங்கம் வந்தபோது கூரத்தாழ்வான் ராமானுஜரின் காவி உடையைத் தான் உடுத்திக்கொண்டு அவர்களோடு புறப்பட்டார். ராமானுஜரின் குருவான முதியவர் பெரிய நம்பி, மகள் அத்துழாயோடு உடன் போனார். ராமானுஜர் வெள்ளை உடுத்து மேற்கே நடந்து, ஹொய்சள நாட்டு மேல்கோட்டையைச் சேர்ந்தார். கங்கைகொண்ட சோழபுரத்துச் சபையில் ஓலை நீட்டப்பட்டது. சிவம் என்ற சொல் ஒரு முகத்தல் அளவைக்கும் பெயர். அதைவிடப் பெரிய அளவை துரோணம். சிவத்துக்கு மேலே துரோணம் இருக்கிறதே என்று எழுதிக் கையெழுத்திட்டார் ஆழ்வான். கண்களைப் பிடுங்கச் சொன்னான் அரசன். உன்னைப் பார்த்த கண் எனக்கு வேண்டாம் என்று ஆழ்வானே பிடுங்கிக்கொண்டதாகவும் சொல்வார்கள். பெரிய நம்பியின் கண்களையும் பறித்தார்கள். திரும்பும் வழியில், தஞ்சாவூர்ப் பக்கம் பசுபதிகோயிலில் அந்தக் கிழவர் உயிர் விட்டார்.

படையும் கஜானாவும் உள்ள ஒருவனுக்கு ஒரு சந்நியாசியின் கையெழுத்து எதற்கு? நாலூரான் சொன்ன யோசனையிலேயே பதில் இருக்கிறது. வாங்கக்கூடியவர்களின் ஒப்புதலை எல்லாம் வாங்கிய பிறகும் ஓலைக்கு மதிப்பு வரவில்லை. விலைக்கு வராத ஒருவரின் பெயர் இல்லாதவரை மற்றப் பெயர்கள் வெறும் மை. ஹென்றியின் நிலையும் இதுவேதான். ஆயர்களும் பிரபுக்களும் பணிந்த பிறகும், நேர்மையானவர் என்று ஊருக்கெல்லாம் தெரிந்த மோரின் மௌனம் அவனைத் தூங்கவிடவில்லை. அதிகாரம் தன் பலவீனத்தை ஒப்புக்கொள்ளும் இடம் இது. வாளெடுத்து மோதுகிறவனை அரசன் வென்றுவிடலாம். அரசன் யாசகனாக நிற்க நேர்வது, கையெழுத்துப் போட மறுப்பவனிடம் மட்டும்தான்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும், அது நியாயமானதும்கூட. ஆள்மாறாட்டம் செய்து போனவர், சொல்விளையாட்டில் தப்பப் பார்த்தவர், இவரை மனசாட்சியின் உருவம் என்று எப்படிச் சொல்வது? மோரிடமும் இதையே கேட்கலாம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்ற சட்ட விதியின் பின்னால் கடைசிவரை ஒளிந்துகொண்டவர் அவர். மனசாட்சி உள்ளவன் சாக ஆசைப்படுகிறவன் என்று நாம் ஏனோ நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அவன் வாழவே ஆசைப்படுகிறான். பொய்யை எழுதாமல் உயிர்பிழைக்க ஒரு சந்து இருந்தால் அதில் நுழைவான். சந்தும் அடைபட்ட பிறகு என்ன செய்கிறான் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆழ்வான் உடைமாற்றியது தன்னைக் காத்துக்கொள்ள அல்ல, தண்டனையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள. பொய்யென்றால் அது அவருக்குக் கண்ணை விலையாகக் கேட்ட பொய்.

ஆனால் இதுவரை சொன்னதோடு கதை முடிந்திருந்தால், ஆழ்வான் மோருக்கு ஒரு தமிழ் இணை, அவ்வளவே. அவரை மோரையும் தாண்டி நிறுத்துவது சபைக்குப் பின் நடந்தது. பார்வையிழந்து ஸ்ரீரங்கம் திரும்பிய அவர் பெருமாளைச் சேவிக்கக் கோயில் வாசலுக்கு வருகிறார். ராமானுஜரைச் சேர்ந்தவர் யாரையும் உள்ளே விடாதே என்று அரசாணை. காவலரில் ஒருவன் தடுக்கிறான். இன்னொருவன், ஆழ்வான் நல்லவர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர், அவரை மட்டும் விடலாம் என்கிறான். கதவு திறக்கிறது. ஆழ்வான் திரும்பிவிடுகிறார். ராமானுஜரின் தொடர்பு கெடுதல், நான் மட்டும் நல்லவன் என்று பிரித்துக் கொடுக்கும் தரிசனம் எனக்கு வேண்டாம் என்பது அவர் நிலை. ஸ்ரீரங்கத்தையே விட்டுத் திருமாலிருஞ்சோலை மலையடிவாரத்தில் போய் இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு அந்த இடம் அந்நியமில்லை. ஆண்டாள் நேர்ந்துகொண்ட நூறு தடா வெண்ணெயையும் நூறு தடா அக்காரவடிசிலையும் ராமானுஜர் பிற்பாடு செலுத்திய தலம் அது. அந்த நேர்த்திக்கடனைத் தீர்த்ததற்காகத்தான் ஆண்டாள் அவரை அண்ணா என்று அழைத்ததாக ஊரில் சொல்கிறார்கள்.

இந்த வாசல் காட்சியைத்தான் கதையின் உச்சம் என்று நான் கருதுகிறேன். தண்டனையை மறுக்காமல் ஏற்பது பெரிய காரியம், ஆனால் அங்கே எதிரி கண்முன் நிற்கிறான், கோபம் துணைக்கு வருகிறது. சலுகை வரும்போது எதிரி இல்லை. அன்பாகக் கதவைத் திறந்துவிடும் ஒரு சாதாரணக் காவலாளிதான் இருக்கிறான். வேண்டியதெல்லாம் உள்ளே ஒரு அடி வைப்பது. அந்த ஓர் அடியில், தன் குருவும் மற்றவர்களும் குற்றவாளிகள் என்பதற்கு அவர் மறைமுகமாகக் கையெழுத்திட்டவராகிறார். ஓலையில் போடாத கையெழுத்தைக் காலால் போட்டதாக ஆகும். போல்ட்டின் மோருக்கும் இந்தச் சோதனை வருகிறது. நட்புக்காகவாவது எங்களோடு சேர்ந்துகொள் என்கிறார் நண்பர் நார்ஃபோக் பிரபு. வாயால் சத்தியம் செய்து மனத்தால் மறுத்துக்கொள்ளுங்கள் என்று மகளே கெஞ்சுகிறாள். அவர் மறுக்கிறார். ஆனால் அதெல்லாம் தீர்ப்புக்கு முன். எல்லாவற்றையும் இழந்த பிறகு, எஞ்சிய ஒரே ஆசையைக் கையில் வைத்து நீட்டும்போது வேண்டாம் என்றவர் ஆழ்வான்.

நாலூரானின் கணக்கும் வேறுவிதமாக முடிகிறது. மோரின் கதையில் நாலூரானுக்கு இணை ரிச்சர்ட் ரிச். அவரை அண்டி வளர்ந்து, பதவிக்காகப் பொய்ச்சாட்சி சொல்லி அவர் கழுத்துக்குக் கத்தி வைத்தவன். மோரை வீழ்த்திய ஹென்றியின் அமைச்சர் குரோம்வெல்லின் தலையும் பின்னர் உருண்டது, ரிச் மட்டும் பெரும் பதவியெல்லாம் பார்த்துப் படுக்கையில் இறந்தான் என்று சொல்லித்தான் படம் முடிகிறது. கசப்பான, உண்மையான முடிவு. ஆழ்வானின் கதையிலோ சோழன் இறந்து ராமானுஜர் திரும்பியபின், காஞ்சி வரதராஜனிடம் கண்ணைக் கேள் என்று சீடருக்குக் கட்டளையிடுகிறார். ஆழ்வான் வரதராஜஸ்தவம் பாடுகிறார். என்ன வேண்டும் என்று கேட்ட பெருமாளிடம், எனக்குக் கிடைக்கும் கதி நாலூரானுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்டுவிடுகிறார். தனக்கு மட்டும் திறந்த கதவை மறுத்தவர், தனக்குத் திறந்த மோட்சத்தில் துரோகியையும் இழுத்துக்கொள்கிறார். இரண்டும் ஒரே மனத்தின் செயல்கள்தாம்.

இதெல்லாம் வரலாறா என்று கேட்பவர்களுக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். அரசன் முதலாம் குலோத்துங்கன் (1070–1120) என்றால், அவன் காலத்துக் கல்வெட்டுகள் ஸ்ரீரங்கத்திலேயே நிறைய உண்டு. நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரைக்கு 1090 வாக்கில் வரிவிலக்கு அளித்தவன் அவன். சமய வெறியனின் அடையாளங்கள் அல்ல இவை. இரண்டாம் குலோத்துங்கன் தில்லைக் கோவிந்தராஜரைக் கடலில் எறிந்ததை ஒட்டக்கூத்தர் புகழ்ந்தே பாடியிருக்கிறார். ஆனால் அவன் பட்டமேறிய 1133ஐ ராமானுஜரின் வெளியேற்றத்தோடு பொருத்துவது கடினம். கதையை நமக்குத் தரும் குருபரம்பரை நூல்களோ 13ஆம் நூற்றாண்டு முதல் எழுதப்பட்டவை, பாதிக்கப்பட்ட தரப்பின் நூல்கள். ஆகவே ஒரு குறிப்பிட்ட சோழனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இந்தச் சான்று போதாது. படமெடுப்பவர் அரசனுக்குப் பெயரே வைக்காமல் விடலாம் என்பேன். போல்ட்டும் வரலாற்றை முழுக்கச் சொல்லவில்லை. மோர் லார்ட் சான்சலராக இருந்தபோது மதமறுப்பாளர்கள் எரிக்கப்பட்டார்கள் என்பது படத்தில் இல்லை. அதை நான் படத்தின் குறையாகவே எண்ணுகிறேன். தன் மனசாட்சிக்காக உயிர் கொடுத்தவர் பிறர் மனசாட்சியை மதிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அது இன்னும் பெரிய படமாகியிருக்கும்.

சைவ வைணவச் சண்டையைக் கிளறும் என்ற பயமும் சொல்லப்படும். அந்தப் பயத்துக்கு மருந்து கதையை மறைப்பதில் இல்லை. சைவரான திருநாவுக்கரசரைச் சமணம் சார்ந்த பல்லவன் சுண்ணாம்புக் காளவாயில் இட்டதாகவும், கல்லோடு கட்டிக் கடலில் எறிந்ததாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அதே பெரியபுராணம் பாண்டியன் காலத்து மதுரையில் எண்ணாயிரம் சமணர் கழுவேறியதையும் சொல்கிறது. ஒவ்வொரு சமயமும் ஒரு ஏட்டில் அடிபட்டிருக்கிறது, இன்னொரு ஏட்டில் அரசனின் பக்கத்தில் நின்றிருக்கிறது. இவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கிறவருக்கு, குற்றம் சிவனுடையதோ திருமாலுடையதோ அருகனுடையதோ இல்லை, நம்பிக்கைக்கு அரச முத்திரை குத்த நினைத்த கையினுடையது என்பது விளங்கும்.

நம் திரையுலகம் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். 1938இலேயே வ.ரா. எழுதி, சங்கு சுப்பிரமணியம் நடித்து ‘ராமானுஜர்’ வந்தது. 2008இல் ‘தசாவதாரம்’ படத்தின் தொடக்கத்தில், ஐந்தெழுத்தைச் சொல்ல மறுத்துச் சிலையோடு கடலில் இறக்கப்படும் ரங்கராஜன் நம்பியாகக் கமல்ஹாசன் வந்தார். கண்ணை அகல விரிக்கவைத்த காட்சிதான். ஆனால் கொக்கியும் கடலும் ரத்தமும் அங்கே மனசாட்சியின் வேலையைச் செய்துவிடுகின்றன. வலியைப் பார்க்கிறோம், தயக்கத்தைப் பார்ப்பதில்லை. மேடையில் இந்திரா பார்த்தசாரதியின் ‘இராமானுஜர்’ நாடகம் இன்னும் ஆழமாகப் போனது, 1999இல் சரஸ்வதி சம்மான் பெற்றது. ஆனால் அதன் நாயகர் ராமானுஜர். ஆழ்வானை நடுவில் நிறுத்தும் படம் இன்னும் வரவில்லை. அதற்குக் கணினி வரைகலைக் கடல் வேண்டாம், ஆயிரம் குதிரை வேண்டாம். ஒரு சபை மண்டபம், ஓர் ஓலை, ஓர் எழுத்தாணி, ஒரு கோயில் வாசல், மிகையில்லாமல் நடிக்கத் தெரிந்த இரண்டு முதியவர்கள் போதும். கடினமான வேலை எழுத்தாளருக்குத்தான். வாசலில் இருக்கும் அந்த நல்ல காவலாளி பேசும் இரண்டு வரியை, படம் பார்க்கிற ஒவ்வொருவரும் உள்ளே போய்விடலாமே என்று நினைக்கும்படி அவர் எழுதியாக வேண்டும்.