வாய் துர்நாற்றம் எங்கிருந்து வருகிறது?

பிறையில் நான் கற்பிக்கும் படிவம் இரண்டு மாணவர் ஒருவர் வகுப்பில் முகக்கவரியைக் கழற்றுவதே இல்லை. ஒருநாள் பாடம் முடிந்ததும் தயங்கியபடி வந்தார். “டீச்சர், ரெண்டு வேளையும் பல் துலக்குறேன். ஆனாலும் பக்கத்துல உட்கார்றவங்க மூக்கைப் பொத்துறாங்க. வயித்துல ஏதும் கோளாறா?”

நாமெல்லாம் வயிற்றைத்தான் குறை சொல்கிறோம். உண்மையில், வாய் துர்நாற்றம் பெரும்பாலும் வாயிலேயே உண்டாகிறது. முக்கியமான இடம் நாக்கின் பின்பகுதி. கண்ணாடி முன் நாக்கை நீட்டிப் பாருங்கள்; கம்பளத்தைப் போல மேடு பள்ளமாக இருக்கும். அந்தப் பள்ளங்களில் உணவுத் துணுக்குகளும் உதிர்ந்த செல்களும் தங்கிவிடும். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தை விரும்பும் பாக்டீரியாக்கள் அவற்றிலுள்ள புரதத்தைச் சிதைக்கும்போது கந்தகச் சேர்மங்கள் வெளியாகின்றன. அவற்றுள் ஒன்று ஹைட்ரஜன் சல்பைடு. அழுகிய முட்டையின் நாற்றத்துக்குக் காரணமும் அதுவே.

உமிழ்நீர் இவற்றை ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கிறது. தூங்கும்போது அது மிகக் குறைவாகவே சுரக்கும். அதனால்தான் காலையில் எல்லார் வாயும் நாறுகிறது, ஆசிரியர் வாய் உட்பட! தைப்பூச விரதத்தின்போதும், வாயால் மூச்சு விடுபவர்களுக்கும் வாய் உலர்ந்து இதே நிலைதான்.

பூண்டின் கதை வேறு. அதிலிருந்து உண்டாகும் ஒரு கந்தகச் சேர்மம் இரத்தத்தில் கலந்து நுரையீரல் வழியாக வெளியேறுகிறது. எத்தனை முறை பல் துலக்கினாலும் அது மணிக்கணக்கில் வீசும். புதினா மிட்டாய் சற்று நேரம் மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

நம் வாய் நாற்றம் நமக்கே தெரியாது. மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது. மணிக்கட்டை நாக்கால் நனைத்து, பத்து விநாடி உலரவிட்டு முகர்ந்து பாருங்கள். துல்லியமான சோதனை அல்ல, ஆனால் ஓரளவு தெரியும்.

அந்த மாணவர் பல்லைத் துலக்கினாரே தவிர, நாக்கை மறந்துவிட்டார். பாட்டி வீட்டுக் குளியலறையில் தொங்குமே நாக்கு வழிப்பான், அதைக் கொண்டு பின்னிருந்து முன்னாக மெதுவாக வழிக்கச் சொன்னேன். ஃபுளோரைடு பற்பசை, பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல், போதிய தண்ணீர் ஆகியவையும் தேவை.

பேசும்போது, துலக்கினால் ஈறில் இரத்தம் வருவதாகவும் சொன்னார். அது ஈறு நோயின் அறிகுறி. நாற்றத்துக்கு அதுவும் காரணமாகலாம். பள்ளிப் பல் தாதியிடம் அனுப்பிவைத்தேன். இந்தத் தாதியருக்கான பயிற்சி 1949-இல் நம் பினாங்கில்தான் தொடங்கியது. அடுத்த முறை பல் மருத்துவக் குழு உங்கள் பள்ளிக்கு வரும்போது கழிப்பறையில் ஒளிந்துகொள்ளாதீர்கள்.