சனிக்கிழமை செக்கு ஓட்டாத எண்ணெய்க்காரர்கள்

மும்பைத் தமிழர்களில் மஸ்ஜித் ஸ்டேஷனில் ஏறி இறங்காதவர் குறைவு. அந்தப் பெயருக்குக் காரணமான மசூதி எது என்று கேட்டால் ஆளுக்கொரு திசையைக் காட்டுவோம். அது மசூதியே அல்ல, அந்தப் பேட்டையில் 1796-இல் எழுந்த யூத ஜெப ஆலயம்தான் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். யூதர்களே அதை மராத்தியில் 'ஜூனி மஸ்ஜித்', அதாவது பழைய மசூதி என்றுதான் அழைத்தார்கள். அந்தப் பக்கம் நாற்பது வருஷமாக மளிகைச் சரக்கு வியாபாரம் செய்கிற நான், முதல் பத்து வருஷம் இதெல்லாம் தெரியாமலே அந்தத் தெருவைக் கடந்து போயிருக்கிறேன்.

என்னை அந்தப் பக்கம் திருப்பியது கருப்பு உலர்திராட்சை. ஒரு பெரியவர் வியாழக்கிழமை தவறாமல் கால் கிலோ வாங்குவார். பேச்சு மராத்தி. பெயர் 'கர்' என்று முடியும். மராட்டியர் என்றே நினைத்திருந்தேன். ஒரு நாள், "வாரா வாரம் இது எதுக்கு பாபா?" என்று கேட்டுவிட்டேன். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, பிசைந்து வடிகட்டி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தச் சாற்றின்மேல் ஆசீர்வாதம் சொல்லிக் குடும்பத்தோடு குடிப்போம் என்றார். மற்ற தேசத்து யூதர்கள் திராட்சை மதுவின்மேல் சொல்வதைக் கொங்கணக் கிராமத்தில் திராட்சைச் சர்பத்தின்மேல் சொன்னார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். யூதர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் மறையும்போது. ஆகவே வெள்ளிக்கிழமைகளில் அவர் வெயில் சாய்வதற்குள் வீடு போய்ச் சேரப் பறப்பார். பொழுது சாயுமுன் உண்டு முடிக்க வேண்டிய சமணனாகிய நானும் அதே சூரியனைப் பார்த்துத்தான் கல்லாவைப் பூட்டுவேன்.

இவர்கள் 'பெனே இஸ்ரேல்', அதாவது இஸ்ரவேலின் மக்கள். கொச்சி யூதர்களும், கல்கத்தா, மும்பையில் பெரும் வியாபாரம் செய்த பாக்தாத் யூதர்களும் வேறு பிரிவினர். இவர்களுடைய மரபுக் கதைப்படி, அலிபாக் பக்கத்து நவ்காவ் கடற்கரையில் ஒரு கப்பல் உடைந்தது. ஏழு ஆண்களும் ஏழு பெண்களும் கரை சேர்ந்தார்கள். கொண்டுவந்த நூல்களெல்லாம் கடலோடு போயின. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியது என்பார்கள். காலத்தைப் பற்றி அறிஞர்களிடையே வழக்கு உண்டு. குடியேறிய ஊர்ப் பெயரோடு 'கர்' சேர்த்து பேண்கர், நவ்காவ்கர், திவேகர் என்று குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழில் செக்காட்டுவது. சனிக்கிழமை மட்டும் செக்கு ஓடாது. ஊர்க்காரர்கள் 'சன்வார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பெயர் வைத்தார்கள். சிவனுக்காகத் திங்கட்கிழமை ஓய்ந்த இந்து எண்ணெய்க்காரர்கள் 'சோம்வார் தேலி'. யாரும் யாரையும் ஏன் என்று கேட்கவில்லை, பாருங்கள்.

நூல் போயிற்று, குரு இல்லை, எபிரேய மொழி மறந்து போயிற்று. அப்புறம் என்னதான் மிஞ்சியது? ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் என்ற பெனே இஸ்ரேல் அறிஞர் 1897-இல் எழுதி முடித்து, 1937-இல் அச்சேறிய சரித்திர நூலில் இவர்களுடைய பழைய பண்டிகைப் பெயர்கள் இருக்கின்றன. எல்லாம் மராத்திப் பெயர்கள். சில அடுப்படியிலிருந்து வந்தவை.

எனக்கு மிகவும் பிடித்தது 'அனாசி டாகாச்சா சண்'. வீட்டில் புளிப்புக் குழம்பு ஒன்றை ஜாடியில் வருஷம் முழுக்க வைத்திருப்பார்கள். ஒரு குறிப்பிட்ட எட்டு நாள் மட்டும் அந்த ஜாடியை மூடிவிடுவார்கள், தொடமாட்டார்கள். ஏன்? பாட்டி மூடினாள், அம்மா மூடினாள், நானும் மூடுகிறேன். அது பஸ்கா பண்டிகை. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து அவசரமாகக் கிளம்பிய முன்னோர்களின் மாவு புளிக்க நேரமில்லை. அதன் ஞாபகமாக உலக யூதர்கள் அந்த நாட்களில் புளித்த மாவுப் பண்டம் எதையும் வீட்டில் வைப்பதில்லை. கதை மறந்து போய், ஜாடியின் மூடி மட்டும் ஞாபகம் வைத்திருந்தது! நம்ம மும்பைப் பிள்ளைகளுக்குப் பொங்கல் எதற்கென்று கேட்டால் முழிக்கும். பானை பொங்கும்போது கத்த மட்டும் தெரியும். அதைப் பெரிய குறையாக நான் நினைத்ததுண்டு. இந்த ஜாடியைப் பற்றிப் படித்த பிறகு பேரனைத் திட்டுவதைக் குறைத்துக்கொண்டேன்.

பாவநிவாரண உபவாச நாளான யோம் கிப்பூருக்கு இவர்கள் வைத்த பெயர் 'தர்ஃபால்னிச்சா சண்', கதவடைப்புப் பண்டிகை. குளித்து, வெள்ளை உடுத்து, கதவைச் சாத்திக்கொண்டு வெளியாரைத் தொடாமல் பட்டினி இருப்பார்கள். இறந்த முன்னோர் அன்று வீட்டுக்கு வருவார்கள் என்பது நம்பிக்கை. மறுநாள் அவர்கள் திரும்பிப் போகும் நாள், அதாவது 'ஷிலா சண்'; அன்று ஏழைகளுக்குத் தருமம். ஜெருசலேம் கோயில் இடிந்த துக்க நாளுக்கோ 'பிர்ட்யாச்சா சண்' என்று பெயர். உபவாசம் முடிந்து, முளைகட்டித் தோலுரித்த வால் பயற்றுக் குழம்பைச் சாப்பிடுவதால் அந்தப் பெயர். வால், நம்ம மொச்சைக்கு உறவு.

தாவீது ரஹாபி என்ற யூதர் இவர்களைத் தேடி வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். அவர் எந்த நூற்றாண்டுக்காரர் என்பதில் ஒத்த கருத்து இல்லை. சனிக்கிழமை ஓய்வையும், ஆண் குழந்தைக்கு எட்டாம் நாள் விருத்தசேதனத்தையும் பார்த்துச் சந்தேகப்பட்டவர், பல ஜாதி மீன்களைக் கலந்து பெண்களிடம் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். (மீன் சட்டியைப் பற்றி எழுதுகிற சமணன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.) துடுப்பும் செதிலும் இல்லாத மீன்களை அவர்கள் தனியே எடுத்து வைத்து, இது எங்களுக்கு ஆகாது என்றார்கள். வேத நூலில் உள்ள விதியும் அதுவே. 'ஷெமா' என்னும் ஏகதெய்வப் பிரார்த்தனை வாக்கியமும் அவர்கள் வாயில் இருந்தது. பிறப்பானாலும் கல்யாணமானாலும் அதையேதான் சொன்னார்கள். ரஹாபி மூன்று குடும்பத்து ஆட்களுக்குக் கற்றுக்கொடுத்துக் காஜிகளாக்கினார். பிற்பாடு கொச்சி யூதர்கள் ஆசிரியர்களாக வந்தார்கள். 1832-இல் ஜான் வில்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் எபிரேய இலக்கணத்தை மராத்தியில் எழுதினார். கிறிஸ்தவராக்கும் எண்ணத்தோடு வந்தவரால் இவர்கள் நல்ல யூதர்களாக ஆனதுதான் வேடிக்கை.

வெளியே கற்றதால் வீட்டுப் பழக்கம் அழியவில்லை. கல்யாணத்துக்கு முன், வேண்டுதல் நிறைவேறினால், புது வீடு புகுந்தால் 'மலிதா' என்று ஒரு சடங்கு. ஊறவைத்த அவலில் தேங்காய்த்துருவல், சர்க்கரை, ஏலக்காய், உலர்திராட்சை, பருப்புகள் சேர்த்துக் குவித்து, மேலே பழவகைகளை அடுக்கி, எலியா தீர்க்கதரிசியைப் பாடி, ஆசீர்வாதம் சொல்லிப் பகிர்ந்து உண்பது. உலகத்தில் வேறு எந்த யூதரிடமும் இந்த வடிவம் இல்லை. எலியா ஆகாயம் ஏறிய ரதத்தின் தடம் அலிபாக் பக்கத்து கண்டாளாவில் பாறைமேல் பதிந்திருப்பதாகச் சொல்லி அங்கே வேண்டுதலுக்குப் போகிறார்கள். (நாம் சுற்றுலா போகிற கண்டாலா வேறு.) பாலையும் மாமிசத்தையும் சேர்க்கக் கூடாது என்பது விதி, கொங்கணத்துத் தேங்காய்ப்பால் அந்தச் சங்கடத்தைத் தீர்த்து வைத்தது.

1948-இல் சுமார் 20,000 பேர் இருந்தார்கள். இஸ்ரேல் தேசம் உண்டானதும் பெரும்பாலோர் கிளம்பினார்கள். போன இடத்தில் ஒரு அடி காத்திருந்தது. பெனே இஸ்ரேல் ஒருவர் மற்ற யூதரை மணக்க வேண்டுமானால் வம்சாவளியை விசாரிக்க வேண்டும் என்று அங்குள்ள தலைமைக் குருபீடம் 1960-களின் தொடக்கத்தில் விதித்தது. ஜெருசலேமில் போராட்டம் நடந்தது. 1964-இல் பாராளுமன்றம் இவர்களை எல்லா விதத்திலும் முழு யூதர்கள் என்று அறிவித்தது. ஜாடியை மூடி மூடிக் காத்தவர்களிடம் அத்தாட்சி கேட்டார்களே என்று எனக்குக் கோபம் வரும். ஏனென்றால் வடக்கே ஒரு யாத்திரைத் தலத்துத் தர்மசாலையில், "மதராஸியில் ஏது ஜைனன்?" என்று என்னையும் அரைமணி நேரம் வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். ணமோகார மந்திரம் சொல்லிக் காட்டித்தான் உள்ளே போனேன். கூட வந்த என் அம்மா, அன்று பொழுது சாய்ந்துவிட்டதால் சாப்பிடாமலே படுத்தார்.

இன்று இந்தியா முழுவதிலும் யூதர்கள் சில ஆயிரம் பேர்தான். மகாராஷ்டிர அரசு 2016-இல் அவர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து தந்தது.

திராட்சைப் பெரியவரும் மகனோடு இஸ்ரேல் போய்விட்டார். போன மறுவருஷம் மராத்தியில் கடிதம் எழுதியிருந்தார். திராட்சை அங்கே தாராளமாகக் கிடைக்கிறதாம். பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, மலிதா வைக்க வேண்டும், யாராவது வருகிறவர்களிடம் ஒரு கிலோ நல்ல அவல் கொடுத்தனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். இரண்டு கிலோவாகக் கட்டி அனுப்பினேன்.