குதிகால் கற்றுத் தந்த பாடம்
பொழுதுபோக்கு ஓட்டமும் காயமும் – ஓர் அனுபவ விளக்கம்

இலக்கியமும் வேணாட்டு வரலாறும் அறிந்த பெரியவர்கள் எழுதும் இந்த மலரில் ஓட்டத்தைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. நான் மருத்துவன் அல்லன், விளையாட்டு வீரனும் அல்லன். ஓய்வு பெற்ற ஒரு கணக்கர். ஆனால் நம் சங்கக் குடும்பங்களில் ஐம்பதைத் தாண்டியவர்கள் பலர் காலையில் மியூசியம் வளாகத்தில் நடக்கிறார்கள். சிலர் ஓடவும் செய்கிறார்கள். குதிகால் வலி, முட்டி வலி என்று பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களை நினைத்தே எழுதுகிறேன்.

நான் ஓடத் தொடங்கிய காரணம்

என் தகப்பனார் நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நாள் முழுக்க நின்றே வியாபாரம் செய்த மனிதர். சர்க்கரை நோயில் விரலில் வந்த ஒரு சின்னப் புண், கடைசியில் முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்கும்படி ஆயிற்று. அதன் பிறகு அவர் கடைக்குப் போகவே இல்லை. எனக்கு 49 வயதில் சர்க்கரை என்று சொன்னபோது முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய கால்தான்.

முதலில் நடந்தேன். பிறகு கவடியாரிலிருந்து வெள்ளயம்பலம் வரை, மரநிழல் விழும் அந்த நேர்ச்சாலையில் மெல்ல ஓடினேன். ஓராண்டில் ஐந்து கிலோமீட்டர் நிற்காமல் ஓட வந்துவிட்டது. சர்க்கரையும் கட்டுக்குள் வந்தது. ஆசை யாரை விட்டது? நகரில் நடந்த ஒரு பத்துக் கிலோமீட்டர் போட்டிக்குப் பெயர் கொடுத்தேன். ஏழாவது கிலோமீட்டரில் குதிகாலுக்கு மேலே யாரோ சூட்டுக்கோல் வைத்த மாதிரி வலி. நடைபாதையில் உட்கார்ந்தேன். ஆட்டோ பிடித்து வீடு வந்தேன். “ஏங்க, இந்த வயசுல இது என்னத்துக்கு?” என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

நரம்பா, தசைநாணா?

“நரம்பு இழுத்துடுச்சு” என்று நாம் எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுகிறோம். உணர்வைக் கொண்டுசெல்வதும் நரம்பு, ரத்தம் ஓடுவதும் நரம்பு, தசையை எலும்போடு கட்டுவதும் நரம்பு! இந்தக் கடைசி வகைக்குத் தசைநாண் என்று பெயர். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டும் தடித்த கயிறுதான் அக்கிலீஸ் தசைநாண். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் அதன் மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ ஆறு முதல் எட்டு மடங்கு விசை விழுகிறது. கிலோமீட்டருக்கு ஏழு நிமிடம் என்று ஓடுகிறவர் பத்துக் கிலோமீட்டரில் ஒவ்வொரு காலாலும் ஐயாயிரம் அடிக்கு மேல் வைக்கிறார். கணக்கர் புத்தி, இதையெல்லாம் பெருக்கிப் பார்த்துப் பயந்துபோனேன்.

சிக்கல் எங்கே என்றால், உடம்பின் உறுப்புகள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். தசைக்கு இன்னும் கொஞ்ச காலம் வேண்டும். ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண் பலப்பட மாதங்கள் ஆகும். மூச்சு ‘ஓடு’ என்கிறது. குதிகால் ‘பைய’ என்கிறது. நாம் மூச்சைத்தான் கேட்கிறோம்.

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரமே உண்டு. நோயைத் தணிக்கும் முன் அதன் காரணத்தைத் தேடச் சொல்கிறார் வள்ளுவர். நானும் என் நாட்குறிப்பைப் புரட்டினேன். போட்டிக்கு முந்திய ஐந்து வாரங்களில் வாரத்துக்கு 15 கிலோமீட்டர் என்பது 34 ஆகியிருந்தது. போதாததற்கு பி.எம்.ஜி. ஏற்றத்தில் பயிற்சி, சங்குமுகம் கடற்கரையின் இளமணலில் ஓட்டம். ஏற்றமும் மணலும் குதிகாலை ஆழமாக இழுப்பவை. காரணம் என் அவசரம்தான்.

ஓய்வு என்ற ஏமாற்று

ஒரு மருத்துவமனையில் “இனி ஓடக் கூடாது, ரெஸ்ட் எடுங்க” என்றார்கள். மூன்று வாரம் ஓய்வெடுத்தேன், வலி போயிற்று. மறுபடி ஓடினேன், வலி வந்தது. இப்படி மூன்று முறை. ஓய்வில் வலி அடங்கும், ஆனால் தசைநாணின் தாங்கும் சக்தியும் கூடவே இறங்கிவிடும். பழைய ஓட்டத்தைப் பழைய அளவிலேயே தொடங்கினால் பழைய வலி வராமல் என்ன செய்யும்? அந்த எட்டு மாதத்தில் என் எடை ஏறியது, சர்க்கரை ஏறியது. ராத்திரி படுக்கையில் அப்பாவின் கால் கண்ணில் வந்து நிற்கும்.

கடைசியில் ஓர் இளம் பிசியோதெரபிஸ்ட் பெண் என் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, மலையாளம் கலந்த தமிழில் சொன்னாள்: “சாரே, இந்தக் கால் ரெஸ்ட் கேக்கலை. ஜோலி கேக்குது. கொஞ்சங் கொஞ்சமா கொடுக்கணும்.”

ஸ்வீடன் மருத்துவரின் படிக்கட்டு

அவள் சொல்லித் தந்த பயிற்சிக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது. ஹாக்கன் ஆல்ஃப்ரெட்சன் என்பவர் ஸ்வீடன் நாட்டு எலும்பியல் மருத்துவர். அவருக்கே அக்கிலீஸ் வலி. அறுவை செய்யுங்கள் என்று தம் மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். சரி, நிலைமையை மோசமாக்கினால் செய்துதானே ஆகவேண்டும் என்று, வலிக்க வலிக்கக் குதிகாலுக்குப் பயிற்சி கொடுத்தார். மோசமாகவில்லை, குணமாகிவிட்டது! பிறகு 15 பொழுதுபோக்கு விளையாட்டுக்காரர்களுக்கு 12 வாரம் இதே பயிற்சியைக் கொடுத்து, 1998இல் முடிவை வெளியிட்டார். அந்தப் பதினைந்து பேரும் மீண்டும் ஓடினார்கள். பின்னர் வந்த ஆய்வுகளில் எல்லாருக்கும் அப்படி முழுக் குணம் கிடைக்கவில்லை. என்றாலும் தசைநாண் வலிக்கு அளவான சுமையே மருந்து என்ற கருத்து நிலைத்துவிட்டது.

பயிற்சி இதுதான். படியின் விளிம்பில் முன்பாதங்களை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் எழும்ப வேண்டும். நல்ல காலை எடுத்துவிட்டு, வலிக்கிற காலின் குதிகாலைப் படிமட்டத்துக்குக் கீழே மெதுவாக இறக்க வேண்டும். மேலே ஏறுவதற்கு நல்ல காலைப் பயன்படுத்த வேண்டும். முழங்காலை நீட்டி 15 வீதம் மூன்று முறை, மடக்கி 15 வீதம் மூன்று முறை. காலையும் மாலையும் சேர்த்து நாளொன்றுக்கு 180. சுலபமானால் முதுகுப்பையில் எடை சேர்க்கலாம். வலி குதிகால் எலும்பை ஒட்டியே இருந்தால் மட்டும் படிமட்டத்துக்குக் கீழே இறக்கக் கூடாது, சமதரையில் செய்ய வேண்டும்.

வலிக்கு மார்க் போடுங்கள்

எவ்வளவு வலி வரை பொறுக்கலாம்? இதற்கும் ஒரு கணக்கு உண்டு. வலிக்குப் பத்துக்கு மார்க் போடுங்கள். பயிற்சியின்போது ஐந்து வரை போகலாம். மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் காலை விறைப்பு கூடக் கூடாது. 2007இல் வெளியான ஒரு ஸ்வீடன் ஆய்வில், இந்த வரம்புக்குள் ஓடிக்கொண்டே பயிற்சி செய்தவர்களும், முதல் ஆறு வாரம் ஓடாமல் பயிற்சி மட்டும் செய்தவர்களைப் போலவே தேறினார்கள். எனக்கு அதுதான் பெரிய ஆறுதல். ஓட்டத்தை முழுக்க இழக்க வேண்டாம், குறைத்தால் போதும்.

சில எச்சரிக்கைகளையும் சொல்லிவிடுகிறேன். பின்னங்காலில் யாரோ உதைத்தது போல ‘டப்’ என்று உணர்ந்து காலை ஊன்றி எழும்ப முடியாவிட்டால், தசைநாண் அறுந்திருக்கலாம். உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எலும்பில் ஒரே புள்ளியில் வலித்து, ராத்திரியும் வலித்தால் எலும்புக் கீறலாக இருக்கலாம். அங்கே ஓட்டம் நின்றே ஆகவேண்டும். சிப்ரோஃப்ளாக்ஸசின் வகை மருந்துகள் தசைநாணைப் பலவீனப்படுத்தக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே கடும் எச்சரிக்கை கொடுத்திருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். வலி மரத்த காலுக்கு மார்க் போட முடியாது அல்லவா?

உஷாவின் குதிகால்

இந்த மண்ணின் பி.டி. உஷாவை நினைத்துக்கொள்வேன். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் நூறில் ஒரு நொடியில் பதக்கத்தை இழந்தவர். 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கம். ஆனால் 1988இல் அதே சியோலில், ஒலிம்பிக்கில், குதிகால் காயத்தோடு ஓடி முதல் சுற்றிலேயே வெளியேறினார். எத்தனை பழிச்சொல்! மறு ஆண்டே டெல்லி ஆசியத் தடகளப் போட்டியில் நான்கு தங்கம், இரண்டு வெள்ளி. தங்கப் பெண்ணுக்கே ஒரு குதிகால் ஓராண்டைத் தின்றது என்றால், நமக்கெல்லாம் என்ன அவசரம்?

மீண்டும்

பன்னிரண்டு வாரம் வீட்டுப் பின்வாசல் படியில் ஏறி இறங்கினேன். நான்காவது வாரம் வலி கூடியதுபோல் இருந்தது. விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். எட்டாவது வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று தொடங்கினேன். இரண்டாண்டு கழித்து அதே பத்துக் கிலோமீட்டரை ஒரு மணி 19 நிமிடத்தில் முடித்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏழாவது கிலோமீட்டரில், முன்பு உட்கார்ந்த அந்த நடைபாதையைப் பார்த்துக்கொண்டே கடந்தேன்.

காயம் இனி வராது என்று சொல்ல மாட்டேன். வந்தால் என்ன செய்வது என்று இப்போது தெரியும். வலியால் நிறுத்திய அன்பர்கள், நல்ல மருத்துவர் ஒருவரிடம் காட்டி, இன்ன காயம் என்று தெரிந்துகொண்டு, பைய மீண்டும் தொடங்குங்கள். இப்போது மாலையில் மனைவியும் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படியில் நிற்கிறாள். அவளுக்கு முட்டி வலி.