புகழ்ச்சியும் பாராட்டும்: ஒரு சொல்லாய்வு

மார்கழி மாதத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபாக்கள்தோறும் பாராட்டு விழாக்கள் நிகழ்வதை நாம் அறிவோம். 1928-இல் தொடங்கப்பெற்ற மியூசிக் அகாதெமி, இசைவிழாவின் முடிவில் சதஸ் கூட்டி, 'சங்கீத கலாநிதி' விருதை வழங்குகிறது. ஒருவருடைய தகுதியை அவையறிய எடுத்துரைப்பதே இந்நிகழ்ச்சிகளின் நோக்கமாகும். 'சபா' என்பதும் நமது 'சபை' என்பதும் ஒரே சொல்லாதலின், திருச்சபையில் பாராட்டுக்கு இடம் எது என வினவுதல் தகும்.

புதிய ஏற்பாட்டில் இக்கருத்துக்கு நெருங்கிய கிரேக்கச் சொல் 'எபைனோஸ்' என்பது. கிரேக்க நகரங்களில், ஊருக்கு நன்மை செய்தோரைப் புகழ்வதென மன்றத்தார் தீர்மானித்து, அதனைக் கல்லில் பொறிப்பது வழக்கம். ரோமர் 13:3, 1 பேதுரு 2:14 ஆகிய பகுதிகளை இவ்வழக்கத்தின் பின்னணியில் விளக்குவோர் உளர். பழைய திருப்புதல் அவ்விரண்டிடங்களிலும் இச்சொல்லைப் 'புகழ்ச்சி' எனப் பெயர்க்கின்றது. லூக்கா 16:8-இல் இதன் வினைக்கு 'மெச்சுதல்' என்பதை ஆள்கின்றது.

'பாராட்டு' என்பதோ அத்திருப்புதலில் 'மேன்மைபாராட்டுதல்' என்ற கூட்டுச்சொல்லில் வேறொரு கிரேக்க வினைக்கு ஈடாக நிற்கின்றது. நட்புப் பாராட்டுதல், குற்றம் பாராட்டுதல், வேற்றுமை பாராட்டுதல் என்னும் வழக்குகளை நோக்குக. ஒன்றைப் பொருட்டாகக் கொண்டு அதனை நடத்தையில் காட்டுதலே இவற்றிலுள்ள பொருள். ஆகவே, யாருடைய மேன்மையை நாம் பொருட்டாகக் கொள்கிறோம் என்பதே வினா. சிலுவையைக் குறித்தன்றி வேறெதிலும் மேன்மைபாராட்டாதிருக்கப் பவுல் விரும்பினார் (கலா. 6:14).

எனினும், அவர் மனிதரைப் புகழ மறுத்தவரல்லர். 1 கொரிந்தியர் 11:2-இல் சபையாரைப் புகழ்கின்றார். அதே அதிகாரத்தின் 17, 22 வசனங்களில் புகழ மறுக்கின்றார். காரணம் யாது? கர்த்தருடைய பந்திக்கெனக் கூடியவிடத்தில் ஏழைகள் பசியோடிருந்து வெட்கப்படுத்தப்பட்டனர். ஊர் மன்றம் கொடையாளரைப் புகழ்ந்தது. பவுலோ இல்லாதவர் நடத்தப்பட்ட விதத்தையே அளவுகோலாகக் கொண்டார்.

இன்று நம் சபைகளிலும் பொன்னாடையும் வாழ்த்து மடலும் பெருகிவிட்டன. அவை அனைத்தும் தவறென நாம் கூறோம். ஆனால் நன்கொடையாளருக்கும் ஆயருக்கும் கிடைக்கும் பாராட்டு, ஆலயத்தைப் பெருக்கும் அம்மையாருக்கும் கிடைக்கின்றதா? கிடைக்காவிடின், நாம் சபா நடத்துகிறோமேயன்றிச் சபையாக இல்லை. முடிவான புகழ்ச்சி தேவனிடமிருந்தே வரும் (1 கொரி. 4:5) என்பதை, மாலையை ஏற்குமுன் திருப்பணியாளராகிய நாம் நினைவுகூர்வோமாக.